விருந்தினராய்ச் செல்வோம்



விடுமுறைப் பயணம் என்றால் வேளாங்கண்ணிக்கும் உறவினர் இல்லத்திற்கும் என்றிருந்த காலம் மாறிவிட்டது. அயல்நாடுகளில் பணிபுரியும் பிள்ளைகள் பெற்றோரை அழைக்கின்றனர். பேரப்பிள்ளைகளோடு கடல் கடந்து செல்லும் குடும்பங்கள் நமது பங்குகளிலும் உண்டு. அவர்களுள் சிலர் கிழக்கு ஆப்பிரிக்காவின் புல்வெளிகளில் சிங்கத்தையும் யானையையும் கண்டு வர விழைகின்றனர். நல்ல விழைவே அது. விலங்குகளைக் கூண்டிற்கு வெளியே, அவற்றின் சொந்த நிலத்தில் காணும் குழந்தை, படைத்தவரின் பெருமையையும் உணரத் தலைப்படும். எனினும், அங்கு எத்தகைய உள்ளத்தோடு செல்வது என்பதைப் புறப்படுமுன் குடும்பமாய் அமர்ந்து சிந்திப்பது நலம்.

தான்சானியாவின் செரெங்கெட்டியையும், அதனை ஒட்டிய கென்யாவின் மசாய் மாராவையும் எடுத்துக்கொள்வோம். வில்டபீஸ்ட் எனப்படும் தாடியுடைய பெரிய மான்களும் வரிக்குதிரைகளும் இலட்சக்கணக்கில் மழையைப் பின்தொடர்ந்து, புல்லைத் தேடி ஆண்டு முழுதும் அங்கே நகர்ந்துகொண்டிருக்கின்றன. பிப்ரவரி அளவில் தெற்குச் சமவெளியில் கன்று ஈனுகின்றன. ஜூலை முதல் அக்டோபர் வரையில், முதலைகள் நிறைந்த மாரா ஆற்றைக் கடக்கின்றன. படங்களில் இவற்றைக் காணும் நாம், அது மனிதரே இல்லாத வனம் என்று எண்ணிவிடுகிறோம். உண்மை அதுவன்று. மசாய் மக்கள் தலைமுறை தலைமுறையாய் அங்கே மாடு மேய்த்து வந்தவர்கள். தம் மந்தையையே நம்பி வாழ்ந்த அவர்கள், உணவிற்காகக் காட்டு விலங்கைக் கொல்வதைப் பெரும்பாலும் தவிர்த்தனர். அவர்களின் மாடுகளுக்கு அருகிலேயே வரிக்குதிரையும் மேய்ந்தது. இன்று நாம் கட்டணம் செலுத்திக் காணும் விலங்குகள் எஞ்சியிருப்பதற்கு அவர்களது வாழ்க்கை முறையும் ஒரு காரணம்.

அதற்கு அவர்கள் பெற்ற கைம்மாறு யாது? 1959இல் செரெங்கெட்டிப் பூங்காவினின்று மசாய் மக்கள் வெளியேற்றப்பட்டனர். அருகிலுள்ள ங்கொரொங்கொரோ மேட்டு நிலத்தில் விலங்குகளோடு சேர்ந்து வாழலாம் என்று அன்று உறுதி கூறப்பட்டது. ஆனால் 2022 முதல் அங்கிருந்தும் பல குடும்பங்கள் ஏறத்தாழ 600 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ம்சோமேரா என்னும் ஊருக்குக் குடிபெயர்க்கப்பட்டன. மக்களும் மந்தைகளும் பெருகிவிட்டன, செல்வோர் தம் விருப்பத்தோடே செல்கின்றனர் என்பது அரசின் கூற்று. பள்ளி, மருத்துவ வசதிகளைக் குறைத்துத் தங்களை நெருக்குகின்றனர் என்பது மசாய் மக்களின் முறையீடு. அதே ஆண்டு ஜூன் மாதம் லொலியொண்டோவில் 1,500 சதுர கிலோமீட்டர் நிலத்தை விலங்குகளுக்கென ஒதுக்கி எல்லைக் கற்கள் நடப்பட்டபோது மோதல் எழுந்தது. காவலர் ஒருவர் உயிரிழந்தார். மசாய் மக்கள் பலர் காயமுற்றனர். பலர் எல்லை தாண்டிக் கென்யாவிற்கு ஓடினர்.

லொலியொண்டோ என்னும் பெயர் திருச்சபைக்குப் புதிதன்று. தூய ஆவி சபையைச் சேர்ந்த அமெரிக்கக் குருவானவர் வின்சென்ட் டோனோவன் 1960களில் அங்கு மறைபரப்புப் பணியாற்றினார். மசாய் மக்களுக்குப் புல் புனிதமானது. ஒரு பிடி புல் சமாதானத்தின் அடையாளம். அம்மக்கள் ஒருவர்க்கொருவர் புல்லைக் கையளிக்கும் அவ்வழக்கத்தை அவர் திருப்பலியிலும் மதித்து ஏற்றார். 1978இல் வெளிவந்த தமது நூலில் இதனைக் குறித்துள்ளார். கற்பிக்கச் சென்ற அக்குருவானவர் முதலில் கற்றுக்கொள்ளும் மனத்தோடு அவர்களிடையே அமர்ந்தார். சில நாள்கள் மட்டும் தங்கிவரும் பயணிக்கும் அதுவே தக்க முறை அன்றோ?

இதனைக் குழந்தைகளுக்குச் செயலில் கற்பிக்கலாம். மசாய்ச் சிறுவர் பெரியோரைக் கண்டால் தலையைத் தாழ்த்துவர். பெரியோர் அத்தலைமீது கை வைத்து வாழ்த்துவர். பெரியோரின் ஆசியைப் பெற்று வளரும் நம் பிள்ளைகளுக்கு இது எளிதில் விளங்கும். வாயிலில் நின்று, சுவாகிலி மொழியில் 'ஹோடி' எனக் கேட்டு, 'கரிபு' என்ற மறுமொழி வந்த பின்னரே உள்ளே செல்வது அந்நாட்டு மரபு. படம் எடுப்பதற்கும் அவ்வாறே அனுமதி கேளுங்கள். வேண்டாம் என்றால் கருவியை மூடிவிடுங்கள். வண்டியிலிருந்து குழந்தைகளை நோக்கி மிட்டாயோ காசோ எறிய வேண்டாம். நம் வீட்டுக் குழந்தைகளுக்கு ஒருவர் அவ்வாறு எறிந்தால் நாம் பொறுப்போமா? பிளாஸ்டிக் பைகளைக் கென்யா 2017இலும் தான்சானியா 2019இலும் தடை செய்தன என்பதையும் மூட்டை கட்டும்போதே நினைவிற் கொள்ளுங்கள்.

விலங்குகளிடத்தும் இதே மரியாதை வேண்டும். மாரா பகுதியின் சிவிங்கிப்புலிகளைக் குறித்து 2018இல் வெளிவந்த ஆய்வு நம்மைத் திடுக்கிட வைக்கிறது. பயண வண்டிகள் குறைந்த இடங்களில் 10 தாய்கள் இருபதிற்கும் மேற்பட்ட குட்டிகளை வளர்த்து ஆளாக்கின. வண்டிகள் மிகுந்த இடங்களில் 10 தாய்களுக்கு 2 குட்டிகளே தேறின. "இன்னும் அருகே செல்லுங்கள்" என்று ஓட்டுநரை வற்புறுத்தும் தந்தை, தான் காண வந்த உயிருக்கே இடர் விளைவிக்கிறார். தொலைவிலேயே நிறுத்தச் சொல்லி, அவ்வாறு நிறுத்தும் ஓட்டுநருக்கே அன்பளிப்பு அளியுங்கள்.

தங்குமிடத்தை முடிவு செய்யுமுன் ஒரு வினாவைக் கேளுங்கள்: இந்நிலம் யாருடையது? மாராவைச் சுற்றி, 2005 அளவிலிருந்து, மசாய் குடும்பங்கள் பல தம் பட்டா நிலங்களை ஒன்றுசேர்த்துக் காப்பகங்களாக்கி, விடுதி நடத்துவோர்க்குக் குத்தகைக்கு விட்டுள்ளன. நிலத்தின் அளவிற்கேற்ப அக்குடும்பங்களுக்கு மாதந்தோறும் பணம் சேர்கிறது. மேய்ச்சலுக்கு ஒழுங்குமுறை உண்டு. வண்டிகளின் எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு. குறையே இல்லாத ஏற்பாடு என்று நாம் கூறவில்லை. 2020இல் பெருந்தொற்றினால் பயணிகள் வராதபோது அவர்களின் வருவாயும் தளர்ந்தது. எனினும் நிலம் அவர்களுடையதாகவே இருக்கிறது. நாம் செலுத்தும் கட்டணத்தில் ஒரு பங்கு உரியவர் கையைச் சென்றடைகிறது.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட சுற்றுமடலில், பழங்குடி மக்களுக்கு நிலம் விற்பனைப் பண்டம் அன்று, கடவுளும் மூதாதையரும் தந்த கொடை என்று நினைவூட்டினார். தம் நிலத்திலேயே தங்கும்போது அவர்களே அதனை நன்கு பேணுகின்றனர் என்றும் கூறினார். தொடக்கநூலில் ஆண்டவர் மனிதனைத் தோட்டத்தில் வைத்தது அதனைப் பண்படுத்தவும் காக்கவுமே. செரெங்கெட்டியில் அவ்வேலையை நெடுங்காலம் செய்தவர்களை ஒதுக்கிவிட்டு, அத்தோட்டத்தை மட்டும் கண்டு களிப்பது கிறிஸ்தவக் குடும்பத்திற்கு அழகன்று.

ஆதலின், பயணத்திற்கு முந்திய இரவு குடும்பச் செபத்தில் அம்மக்களுக்காகவும் ஒரு மணியைச் செபமாலையில் ஒப்புக்கொடுங்கள். திரும்பி வந்தபின் பிள்ளைகளிடம், எத்தனை சிங்கம் கண்டாய் என்று கேட்பதோடு நில்லாமல், யாரைச் சந்தித்தாய், அவர் பெயர் என்ன, அவரிடம் எதனைக் கற்றாய் என்றும் கேளுங்கள். இறைவன் உங்கள் பயணத்தை ஆசீர்வதிப்பாராக.