கண்ணளவை நம்பும் பிரசவ அறைகள்

பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கால் ஆண்டுக்குச் சுமார் 70,000 பெண்கள் இறக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பெரும்பாலோர் ஏழை நாட்டுப் பெண்கள். மருந்து இல்லாமல் இல்லை. கருப்பையைச் சுருங்கவைக்கும் ஆக்சிடோசின் பல பத்தாண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கிறது. டிரனெக்சாமிக் அமிலத்தை மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால் உயிர் காக்கும் என்பதை, 21 நாடுகளில் 20,000 பெண்களிடம் நடந்த ஆய்வு 2017-லேயே காட்டிவிட்டது. அப்படியும் மரணங்கள் தொடர்கின்றன என்றால், கண்டுபிடித்ததைப் பிரசவ அறைவரை கொண்டுசேர்ப்பதில்தான் கோளாறு. நாடுகள் கூடி உழைக்க வேண்டிய இடமும் அதுவே.

2023-இல் வெளியான ‘இ-மோட்டிவ்’ ஆய்வு இதற்கு வலுவான சான்று. கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நாடுகளில் 80 மருத்துவமனைகள், இரண்டு லட்சத்துக்கும் அதிகமான சுகப்பிரசவங்கள். புதிய மருந்து எதுவும் சோதிக்கப்படவில்லை. வழியும் ரத்தத்தை அளவுக்கோடுகள் இட்ட பிளாஸ்டிக் விரிப்பில் பிடித்து அளந்தார்கள். அளவு மீறியதும் கருப்பையை நீவிவிடுதல், ஆக்சிடோசின், டிரனெக்சாமிக் அமிலம், நரம்புவழித் திரவம், பரிசோதனை ஆகிய எல்லாவற்றையும் ஒருசேரத் தொடங்கினார்கள். ஒன்று பலிக்கிறதா என்று பார்த்துவிட்டு அடுத்ததைத் தொடும் பழைய வழக்கம் கைவிடப்பட்டது. கடும் ரத்தப்போக்கும் அதன் மோசமான விளைவுகளும் 4.3 சதவீதத்திலிருந்து 1.6 சதவீதமாகக் குறைந்தன. என்னை அதிகம் உலுக்குவது இன்னொரு கணக்கு. வழக்கமான முறையில் நடந்த மருத்துவமனைகளில், ரத்தப்போக்குக்கு ஆளானவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு அது கண்டறியப்படவே இல்லை. அளந்து பார்த்த இடங்களில் 93 சதவீதம் பேருக்குக் கண்டறியப்பட்டது. பயிற்சி பெற்ற கண்ணும் ரத்தத்தைக் குறைத்தே மதிப்பிடுகிறது.

பணக்கார நாட்டு ஆய்வாளர்கள் வகுத்ததை ஏழை நாடுகளின் மீது திணிப்பதாகாதா என்று கேட்கலாம். இந்த ஆய்வை பர்மிங்ஹாம் பல்கலைக்கழகம் வழிநடத்தியது உண்மை. ஆனால், அளவு விரிப்பின் பயனை முன்பே சோதித்துக் காட்டிய இடங்களில் ஒன்று கர்நாடகத்தின் பெலகாவி. முறையைச் செயல்படுத்திக் காட்டியவர்கள் ஆப்பிரிக்க மருத்துவச்சிகள். ஆள் பற்றாக்குறையும் ரத்த வங்கி இல்லாமையும் இருக்கும்போது விரிப்பு என்ன செய்துவிடும் என்பது இன்னும் கனமான கேள்வி. முன்கூட்டியே கண்டறிந்தால் ரத்தம் ஏற்றும் நிலைக்கே பலர் போகமாட்டார்கள் என்பது பதிலின் ஒரு பாதிதான். வீட்டில் பிரசவிக்கும் பெண்ணை இந்த விரிப்பு எட்டாது. மரணக் குறைவைத் தனியாக நிறுவும் அளவுக்கும் அந்த ஆய்வு பெரிதல்ல. இவை மேலும் செய்ய வேண்டியவற்றைச் சொல்கின்றனவே தவிர, கையில் இருப்பதைத் தள்ளிப்போடக் காரணம் ஆகா.

உண்மையான ஆபத்து பணத்தில் இருக்கிறது. இத்தகைய பணிகளுக்குப் பல ஆண்டுகள் நிதி தந்த அமெரிக்காவின் யூ.எஸ்.எய்ட் 2025-இல் கலைக்கப்பட்டுவிட்டது. கொடையாளர் திட்டமாக வந்த விரிப்பு, திட்டம் முடிந்ததும் மறைந்துவிடும். அது அரசின் மருந்துக் கொள்முதல் பட்டியலில் ஏற வேண்டும். ஆக்சிடோசினுக்கான குளிர்பதனத்துக்கும் செவிலியர் மறுபயிற்சிக்கும் நாடுகளின் சொந்த நிதிநிலை அறிக்கையில் தனித் தொகை வேண்டும்.