ஜாக்கி ஏறும் இடத்தில் பட்டி வேண்டாம்

வண்டலூரிலிருந்து நெமிலிச்சேரி வரையிலான வெளிவட்டச் சாலை 2014இல் திறந்தது. அங்கிருந்து மீஞ்சூர் வரை 2021இல். காட்டுப்பள்ளிக்கும் எண்ணூருக்கும் கன்டெய்னர் லாரிகள் இரவு பகலாய்ப் பறக்கும் அந்தச் சாலையோரம் பழைய மாருதி 800 ஒன்று பஞ்சராகி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஓட்டுநர் ஜாக்கியை எடுத்து, ரன்னிங் போர்டுக்கு அடியில் இரண்டு வெட்டுக்குறிகளுக்கு நடுவே வைத்துச் சுற்றுகிறார். வண்டி எழவில்லை, ஜாக்கிதான் தகரத்தைக் கிழித்துக்கொண்டு மேலே போகிறது. அந்த இடத்தை யாரோ ஒரு டிங்கர் பட்டி பூசி, வழவழவென்று தேய்த்து, பெயிண்ட் அடித்து அனுப்பியிருக்கிறார். அவர் நம்மில் ஒருவர்.

கதவுக்கு அடியில் ஓடும் சில்லைத்தான் ரன்னிங் போர்டு என்று நாம் பேச்சில் சொல்லிவிடுகிறோம். கால் வைத்து ஏறும் பலகை போல அது வண்டிக்கு ஓர் ஓரம் மட்டுமே என்ற நினைப்பு அதிலேயே வந்துவிடுகிறது. சேஸிஸ் தனியாக உள்ள வண்டிகளில் அந்த நினைப்பு ஓரளவு சரி. இதே வெளிவட்டச் சாலையின் தென்முனையில், வண்டலூர் பக்கத்தில் 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டுக்கு அடியில் சேஸிஸ் உண்டு; பாடி அதன் மேல் போல்ட்டில் உட்கார்ந்திருக்கும். பத்மினி, அம்பாசடர், 800 அப்படி இல்லை. வெளித்தகடும் உள்தகடும் சேர்ந்து பெட்டியாக அமைந்த அந்தச் சில்தான் தளத்தையும் கதவுத் தூண்களையும் பிடித்து நிறுத்துகிறது. அது இற்றுவிட்டால் பின்கதவைத் தூக்கித் தூக்கிச் சாத்த வேண்டிவரும். கீலைச் சரிசெய்து பயனில்லை.

குளிர்நாடுகளில் பனியை உருக்கச் சாலையில் கொட்டும் உப்பு வெளியிலிருந்து அரிக்கிறது. நம் பக்கத்தில் நோய் பெரும்பாலும் உள்ளிருந்து வருகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் அம்பத்தூர் தொழிற்பேட்டை மூழ்கியபோதும் தண்ணீரில் நின்ற வண்டிகளுக்கு சீட்டைக் காயவைத்தோம், கார்ப்பெட்டைத் துவைத்தோம். சில்லுக்குள் போன சேற்றை யார் அலசினார்கள்? சில்லின் அடியில் தண்ணீர் வடிவதற்கென்றே தயாரிப்பாளர் துளைகள் விட்டிருக்கிறார். சேறு அடைத்த அந்தத் துளைகளின் மேல், வண்டியைக் காப்பாற்றுகிறேன் என்று அண்டர்கோட்டிங்கை அள்ளி அடித்தால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். துருவாக மாறிய இரும்பு பல மடங்கு உப்பும். ஒட்டியிருந்த இரண்டு தகடுகளையும் நெம்பிப் பிரிக்கும். விளிம்பு ரொட்டி போல் உப்பியிருந்தால், வெளியே பெயிண்ட் எவ்வளவு பளபளத்தாலும் உள்ளே கதை முடிந்தது.

சுத்தியலின் பின்பக்கத்தால் சில் நெடுகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகடு கணீரென்று பேசும். பட்டி மொத்தையாக ‘டொப்’ என்னும். சந்தேகம் வந்த இடத்தில் ஸ்க்ரூடிரைவரை அழுத்துங்கள். ஓட்டை விழுந்துவிடுமே என்று வாடிக்கையாளர் பதறினால், ஓட்டை ஏற்கெனவே அங்கேதான் இருக்கிறது என்று சொல்லுங்கள். இந்தச் சோதனையை லிஃப்டில் ஏற்றுவதற்கு முன்பே செய்ய வேண்டும். இரண்டு தூண் லிஃப்டின் நான்கு கைகளும் தூக்குவது பெரும்பாலும் இதே இடங்களைத்தான். அடியில் நிற்கப்போவது நம் பையன்கள்.

வெட்டுவதற்கு முன் கதவு இடைவெளிகளை அளந்து சுவரில் எழுதிவையுங்கள். பேட்டரியைக் கழற்றி, சீட்டையும் கார்ப்பெட்டையும் வெளியே எடுங்கள். தளத்தில் ஒட்டியிருக்கும் தார்ப்பட்டை தீப்பிடிக்கும். பெட்ரோல் குழாயும் பிரேக் குழாயும் எந்த வழியாகப் போகின்றன என்று விரலால் தொட்டுப் பாருங்கள். எடை சக்கரங்களின் மேல் இருக்க, கதவு வாயிலுக்குக் குறுக்கே ஒரு குழாயை வெல்ட் செய்துவிட்டு, ஒரு பக்கத்தை மட்டும், அதுவும் பகுதி பகுதியாக வெட்டுங்கள். இரண்டு பக்கமும் ஒரே நாளில் திறந்த வண்டி வாழைப்பழமாகத்தான் வெளியே போகும்.

துரு நின்ற இடத்தோடு வெட்டை நிறுத்தாதீர்கள். வெள்ளித் தகடு தெரியும் வரை போங்கள். முதலில் உள்தகடு, பிறகு ஜாக்கி பாயிண்டின் வலுவூட்டல், கடைசியில் வெளித்தகடு. இந்த வரிசையைத் தலைகீழாக்கி, இற்றுப்போன உள்தகட்டின் மேல் புது ரன்னிங் போர்டு ஒட்டுவதுதான் நம் ஊரில் அதிகம் நடக்கும் மோசடி. அதை வேலை என்று சொல்லாதீர்கள். தகட்டின் கனம் பழைய கனத்தை ஒட்டியே இருக்கட்டும். கனத்த பிளேட் வைத்தால் வலு கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். இழுவை முழுவதும் ஒட்டின் ஓரத்துக்குப் போய் அங்கே கீறல் விடும். ஜாக்கி ஏறும் இடம் மட்டும் விதிவிலக்கு. அங்கே எடையைப் பரப்பக் கனமான துண்டு தேவை.

கேஸ் வெல்டிங்கில் கைதேர்ந்த மூத்த மேஸ்திரிகள் கோபித்துக்கொள்ள வேண்டாம். பெட்டிக்குள் பரவும் அந்தச் சூடு தகட்டை நெளிக்கும், உள்ளே இருந்த பிரைமரைச் சுட்டுவிடும். அங்கே துரு மறு மழைக்கே தொடங்கும். மிக் வெல்டிங்கில் துண்டு துண்டாகப் போங்கள். முன்பு ஸ்பாட் இருந்த விளிம்பில் துளையிட்டு நிரப்புங்கள். ஜி.ஐ. ஷீட்டானால் ஓரத்துத் துத்தநாகத்தைத் தேய்த்துவிட்டு, காற்றோட்டத்தில் ஒட்டுங்கள். அந்தப் புகை இரவில் காய்ச்சல் தரும். எல்லாம் ஆறிய பிறகு துளை வழியே உள்ளே வேக்ஸ். வடிகால் துளைகளைக் கம்பி விட்டுத் திறந்து காட்டிய பிறகே அண்டர்கோட்டிங். ஒரு எச்சரிக்கை: உயர்வலுத் தகடு வரும் புதிய வண்டிகளுக்கு இந்த முறை செல்லாது; அங்கே தயாரிப்பாளரின் கையேடு சொல்வதுதான் சட்டம்.

“எஃப்.சி.க்குப் போகணும்ணே, மேலாப்ல முடிச்சுக் கொடுங்க” என்று வருபவரை என்ன செய்வது? பதினைந்து வருடம் தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. இருபது வருடம் தாண்டியவற்றுக்கு 2025 ஆகஸ்டில் 10,000. அதைக் கட்டத் துணிந்தவர் வண்டியை வைத்துக்கொள்ள முடிவெடுத்தவர். அவருக்குச் சில்லின் நிலையைப் படத்தோடு காட்டினால் கேட்பார். பிரிட்டனின் எம்.ஓ.டி. சோதனையில் எடை தாங்கும் இடத்து ஒட்டுத்தகடு சுற்றிலும் தொடர்ச்சியாக வெல்ட் ஆகியிருக்க வேண்டும். பட்டி பூசிய வண்டி அங்கே தேறாது. இங்கே அப்படித் தட்டிப் பார்ப்பவரை நான் பார்த்ததில்லை. எனவே கடைசி சோதனை நம் பட்டறையில்தான்.

மூடுவதற்கு முன் உட்புறத்தைப் படமெடுத்து பில்லோடு கொடுங்கள். முழு வேலைக்கு வாடிக்கையாளர் சம்மதிக்கவில்லையா, பட்டியைத் தொடாதீர்கள். அந்த இடத்தில் சிவப்பு பெயிண்டால் குறுக்குக்கோடு போட்டு, பில்லில் தமிழில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்: ‘இங்கே ஜாக்கி வைக்கக் கூடாது.’