அவையில் அமர்வார் யார்?

அமெரிக்க ஒன்றிய நாடுகளின் பெருங்கட்சிகள் இரண்டும் தத்தம் குடியரசுத் தலைவர் வேட்பாளரை அறிவித்தற்கு நான்காண்டுகட்கு ஒருமுறை நாடளாவிய மாநாடு கூட்டுகின்றன. கொடிகளும், இசைமுழக்கமும், கூரையினின்று கொட்டும் காற்றடைத்த வண்ணப் பைகளும், விண்ணதிரும் வாழ்த்தொலியுமாக நான்கு நாள்கள் அங்கு விழாக்கோலம் பூணும். உலகம் காண்பது இக்காட்சியையே. ஆயினும், தலைவரை ஆக்கும் வினை அம்மேடைமேல் நிகழ்வதன்று. அவைக்குள் அமர்வார் யார்? அவர்தம் வாக்கை எண்ணும் முறை யாது? இவ்விரு வினாக்கட்கும் விடை வகுப்பார் எவரோ, அவரே வேட்பாளரை ஆக்குவார். அந்நாட்டு மாநாடுகளின் ஏறத்தாழ இருநூற்றாண்டு வரலாறும் இவ்வோர் உண்மையையே மீண்டும் மீண்டும் மெய்ப்பிக்கின்றது.

அந்நாட்டு அரசியல் சட்டத்தில் அரசியற் கட்சிகளைப் பற்றியோ, வேட்பாளரைத் தேரும் மாநாட்டைப் பற்றியோ ஒரு சொல்லும் இல்லை. தொடக்கத்தில், பேராயத்திலிருந்த கட்சி உறுப்பினர் தமக்குள் கூடி, தாமே வேட்பாளரை முடிவு செய்தனர். ‘கூட்டமெனும் மன்னன்’ என மக்கள் அம்முறையை எள்ளினர். 1824-இல் அவ்வாறு நிறுத்தப்பெற்ற வில்லியம் கிராபோர்டு மூன்றாம் இடத்தையே பெற்றார்; அம்முறையும் அவரோடு வீழ்ந்தது. 1831-இல் பால்ட்டிமோர் நகரில், மேசன் கழக எதிர்ப்புக் கட்சி என்னும் சிறு கட்சி, பல மாநிலங்களிலிருந்து பேராளரை வரவழைத்து, முதல் நாடளாவிய மாநாட்டைக் கூட்டிற்று. பெருங்கட்சிகள் அதனைப் பின்பற்றின. ஒரு சிலரின் பிடியிலிருந்த உரிமை ஓரளவு பலர்க்குப் பரவியது. அம்மட்டில் மாநாடு ஒரு முன்னேற்றமே.

இற்றை மாநாடு உருவாகும் முறையைச் சற்றே ஊன்றி நோக்குக. ஓராண்டுக்கும் முன்னரே கட்சியின் நாடளாவிய குழு மாநாட்டு நகரைத் தேர்கின்றது. பின்னர் ‘அழைப்பு’ என்னும் ஆவணத்தை வெளியிடுகின்றது. ஒவ்வொரு மாநிலத்திற்கும் பேராளர் எத்துணையர், அவரை எவ்வாறு, எந்நாளுக்குள் தேர்தல் வேண்டும் என்பனவெல்லாம் எழுத்தில் வரையறுக்கப் பெறுகின்றன. மாநிலங்கள் முதனிலைத் தேர்தலாலோ, உறுப்பினர் கூட்டங்களாலோ பேராளர் எவர்க்கு வாக்களித்தல் வேண்டும் என்பதை முடிவு செய்கின்றன. டெமாக்கிரட்டிக்கு எனப்படும் மக்களாட்சிக் கட்சியில், நூற்றுக்குப் பதினைந்து வாக்கேனும் பெற்றவர்க்கு, அவர் பெற்ற அளவிற்கேற்பப் பேராளர் பகிரப் பெறுவர். இரிபப்பிளிக்கன் எனப்படும் குடியரசுக் கட்சியிலோ, முந்தியவரே ஒரு மாநிலப் பேராளர் அனைவரையும் அள்ளிக்கொள்ளும் முறை பல மாநிலங்களில் உண்டு. ஒரே மக்கள், ஒரே வாக்கு. கணக்கிடும் முறை வேறாயின் விளைவும் வேறாம்.

மாநாட்டிற்குள்ளும் படிகள் உள. பேராளரின் தகுதியை ஆயும் குழு, நெறிமுறைகளை வகுக்கும் குழு, கொள்கையறிக்கை எழுதும் குழு ஆகிய மூன்றும் முதற்கண் பணியாற்றும். அவற்றின் அறிக்கைகளை அவை ஏற்ற பின்னரே மாநிலப் பெயர்கள் ஒவ்வொன்றாய் அழைக்கப்படும். ஒவ்வொரு மாநிலத்தின் பேச்சாளரும் எழுந்து, தம் மண்ணின் பெருமையை ஓரிரு சொற்களிற் கூறி, தம்மவர் வாக்கு எவர்க்கு எத்துணை என முழங்குவார். 2024 சூலையில் மில்வாக்கி நகரிற் கூடிய குடியரசுக் கட்சி மாநாட்டில் 2,429 பேராளர் இருந்தனர். 1,215 வாக்குப் பெற்றவர் வேட்பாளர். பார்வைக்கு இஃதே தேர்தல். ஆனால் மெய்யான தேர்தல் அக்குழுக்களின் அறைகளிலேயே பன்முறை முடிந்திருக்கின்றது.

எண்ணும் முறையின் வன்மையை முதலிற் காண்போம். மக்களாட்சிக் கட்சியில், வேட்பாளராதற்கு மூன்றில் இருபங்கு வாக்கு வேண்டும் என்னும் நெறி 1832 முதல் 1936 வரை இருந்தது. 1844-இல் மார்ட்டின் வான் பியூரன் முதற்சுற்றிலேயே பெரும்பான்மை பெற்றும் தோற்றார். ஒன்பதாம் சுற்றில் சேம்சு போல்க்கு வேட்பாளரானார். 1912-இல் சாம்பு கிளார்க்கு பெரும்பான்மை பெற்ற பின்னும், 46-ஆம் சுற்றில் உட்ரோ வில்சனே வென்றார். 1924-இல் நியூயார்க்கில் 103 சுற்றுகள் நடந்து, போட்டியின் தொடக்கத்தில் முன்னணியில் இல்லாத சான் தேவிசு வேட்பாளரானார். தென்மாநிலங்கள் தமக்கு ஒவ்வாதவரைத் தடுத்தற்கு இந்நெறி மதிலாய் நின்றது. பெரும்பான்மையைச் சிறுபான்மை நிறுத்தி வைத்த அம்மதில், ரூசுவெல்ட்டின் காலத்திலேயே இடிந்தது.

1976-இல் கான்சாசு நகரில் நடந்ததும் ஈண்டு எண்ணத்தக்கது. வேட்பாளர் தம் துணைத்தலைவரை முன்கூட்டியே அறிவித்தல் வேண்டும் என்னும் நெறியொன்றை இரீகனின் அணியினர் கொணர்ந்தனர். அது 1,069-க்கு 1,180 என வீழ்ந்தது. மறுநாள் செரால்டு போர்டு 1,187 வாக்கும் இரீகன் 1,070 வாக்கும் பெற்றனர். நெறிமேல் நடந்த வாக்கெடுப்பே தலைவர்மேல் நடந்த வாக்கெடுப்பாயிற்று என்பதை இவ்வெண்களே காட்டும்.

இனி, அவை வாயிலின் வரலாறு. 1964 ஆகசுட்டில் அட்லாண்டிக்கு நகரில் மக்களாட்சிக் கட்சி கூடிற்று. மிசிசிப்பி மாநில மக்களுள் ஐந்தில் இருவர்க்கு மேற்பட்டோர் கறுப்பினத்தார். ஆயினும் அவருள் வாக்காளராய்ப் பதியப் பெற்றோர் பதின்மருள் ஒருவரும் இலர். அம்மாநிலக் கட்சி அனுப்பிய பேராளர் அனைவரும் வெள்ளையர். வாயில் அடைக்கப்பட்ட அம்மக்கள் மிசிசிப்பி விடுதலை மக்களாட்சிக் கட்சி எனத் தாமே ஓர் அமைப்பைக் கட்டினர். ஊரூராய்க் கூடித் தம் பேராளரைத் தேர்ந்து அனுப்பினர். பருத்தி வயலிற் குத்தகை உழவராய் உழைத்த பேனி உலூ ஏமர் அம்மையார், தகுதியாயும் குழுவின்முன் அமர்ந்தார். வாக்காளராய்ப் பதியச் சென்றமைக்காகத் தாம் வாழ்ந்த நிலத்தினின்று வெளியேற்றப்பட்டதையும், சிறையில் அடிபட்டதையும் நாடறிய எடுத்துரைத்தார். குடியரசுத் தலைவர் சான்சன் அவ்வேளையிலேயே செய்தியாளரைத் திடுமென அழைத்து, தொலைக்காட்சிகளைத் தம்பால் திருப்பினார். எனினும் அன்றிரவே அவ்வுரை மீண்டும் நாடெங்கும் ஒளிபரப்பாயிற்று.

கட்சித் தலைமை அவர்க்கு நீட்டியது இரண்டே இருக்கைகள். அவற்றிற்குரிய இருவரையும் தலைமையே குறித்தது. ஏமர் அம்மையாரும் தோழரும் அதனை ஏற்க மறுத்தனர். உரிமை கேட்டு வந்தவர்க்கு ஈகை கொடுத்து அனுப்பும் சூழ்ச்சியை அவ்வெளிய மக்கள் நன்குணர்ந்திருந்தனர். ஆயினும் அப்போராட்டம் வீண்போகவில்லை. இனவொதுக்கல் செய்யும் பேராளர் குழுவிற்கு இனி இடமில்லை என்னும் உறுதியைக் கட்சி அளித்தது. 1968-இல் சிக்காகோ மாநாட்டில், மிசிசிப்பியின் பழைய குழு வெளியே நின்றது. கறுப்பரும் வெள்ளையரும் கலந்த புதுக்குழு உள்ளே அமர்ந்தது. அக்குழுவில் ஏமர் அம்மையாரும் இருந்தார்.

அதே சிக்காகோவில் மற்றொரு கேடும் வெளிப்பட்டது. முதனிலைத் தேர்தல் ஒன்றிலேனும் போட்டியிடாத ஊபர்ட்டு அம்பிரி வேட்பாளரானார். பல மாநிலங்களில் கட்சித் தலைவர்களே பேராளரை அமர்த்தியிருந்தனர். சிலர் தேர்தல் ஆண்டு பிறக்குமுன்னரே அமர்த்தப் பெற்றிருந்தனர். அரங்கிற்கு வெளியே இளைஞர்மேல் காவலரின் தடியடி வீழ்ந்தது. அவ்வாண்டின் சினமே, மக்கவர்ன் தலைமையில் ஒரு சீர்திருத்தக் குழுவைப் பிறப்பித்தது. பேராளரை வெளிப்படையான முறையில், எழுதப்பட்ட நெறிப்படி, உறுப்பினரே தேர்தல் வேண்டும் என அக்குழு வகுத்தது. முதனிலைத் தேர்தல்கள் பெருகின. மாநாடு முடிவு செய்யும் அவையென்னும் நிலை மாறி, முன்னரே ஆன முடிவை உறுதி செய்யும் அவையாயிற்று. குடியரசுத் தலைவர் வேட்பாளரைத் தேர்தற்கு, இரு கட்சிகளிலும் 1952-க்குப் பின்னர் எம்மாநாடும் இரண்டாம் சுற்றுக்குச் சென்றதில்லை.

அங்ஙனமாயின் மக்களின் உரிமை நிலைபெற்றுவிட்டதா? இல்லை. 1984 முதல் மக்களாட்சிக் கட்சி, தேர்தலால் கட்டுறாத தலைவர்கட்குத் தனி வாக்குரிமை அளித்தது. கண்டனம் வலுத்த பின்னர், 2018-இல் முதற்சுற்றில் அவர்தம் உரிமையைச் சுருக்கிற்று. மாநாட்டுச் செலவிற்கு அரசு அளித்த பணம் 2014-இல் நிறுத்தப்பட்டது. பெருஞ்செல்வரின் கொடையே அவ்விடத்தை நிரப்புகின்றது. 2024-இல் சோ பைடனுக்கு ஒரு கோடிக்கு மேற்பட்டோர் முதனிலைத் தேர்தலில் வாக்களித்திருந்தனர். சூலை 21-இல் அவர் விலகியதும், பேராளர் கட்டவிழ்ந்தனர். ஆகசுட்டுத் தொடக்கத்தில், மாநாடு கூடுமுன்னரே, மின்வழி வாக்கெடுப்பால் கமலா ஆரிசு வேட்பாளரானார். நெறிமுறைக்கு அது முரணன்று. நெருக்கடியில் வேறு வழியும் அரிதே. எனினும், இறுதி உரிமை இன்றும் பேராளர் கையிலேயே உள்ளது என்பதை அந்நிகழ்ச்சி வெளிப்படுத்தியது.

ஆகலின், கட்சிகளை ஆய்வார் அவற்றின் மேடையை நோக்கற்க; வாயிலை நோக்குக. முழக்கத்தைக் கேளற்க; நெறிமுறை ஏட்டைப் படிக்க. உறுப்பினர் பட்டியல் எவர் கையில் உள்ளது, பேராளரை அமர்த்துவார் எவர், எண்ணுவார் எவர், செலவிற்குப் பணம் தருவார் எவர் என வினவுக. இவ்வினாக்கட்கு வெளிப்படையாய் விடை கூறாத கட்சி, எத்துணைப் பெரிய மாநாடு கூட்டினும், கூட்டத்தைக் கூட்டியதேயன்றி மக்களைக் கூட்டியதாகாது. தலைமை நீட்டிய இரண்டு இருக்கைகளை மறுத்து எழுந்த அவ்வுழவர் மகளிடத்து அமைந்த தெளிவு, அவையேறத் துடிக்கும் ஒவ்வொரு மக்கட்கும் அமைதல் வேண்டும். பிறர் இட்ட இருக்கையில் அமர்வது விருந்து. தாமே தேர்ந்து அனுப்பியவர் அமர்வதே உரிமை!