சாவி வைத்திருப்பவருக்கும் உளவியல் வேண்டும்

தமிழக அரசுக் கோப்புகளில் ‘கவுன்சலர்’ என்பதற்கு ஆற்றுப்படுத்துநர் என்று பெயர். அழகான சொல். பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன், எதிரே வரும் இன்னொரு பாணனுக்கு வழி சொல்வதுதான் ஆற்றுப்படை. ஆனால், வெளியே பூட்டு தொங்கும் அறைக்குள் இருக்கும் பதினாறு வயதுப் பையனுக்கு எந்த வழியைச் சொல்வது? வழக்கில் சிக்கிய சிறுவர்களை வைத்திருக்கும் கூர்நோக்கு இல்லங்களுக்குப் போய்வரும் உளவியலாளர்களுக்குத் தினமும் எழும் கேள்வி இது.

2022 டிசம்பர் 31 அன்று செங்கல்பட்டு கூர்நோக்கு இல்லத்தில் 17 வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். திருட்டு வழக்கில் பிடிபட்டவன். வந்து ஓரிரு நாட்கள்தான் ஆகியிருந்தன. உடற்கூறாய்வுக்குப் பிறகு கண்காணிப்பாளர் உள்பட ஆறு ஊழியர்கள் கைது செய்யப்பட்டனர். இல்லங்களைச் சீரமைப்பது பற்றிப் பரிந்துரைக்க, ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துருவை ஒரு நபர் குழுவாக அரசு 2023-ல் நியமித்தது.

இப்படி ஒன்று நடந்தவுடன் எழும் முதல் கோரிக்கை, ‘மனநல ஆலோசகர்களை நியமியுங்கள்’ என்பது. நியாயமானதுதான். ஆனால், கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். அதில் பையன் ஆலோசகர் முன் உட்கார்வது ஒரு மணி நேரம் என்றால் அதுவே அதிகம். மிச்ச நேரமெல்லாம் அவன் காவலரோடும் சமையல்காரரோடும் மற்ற பையன்களோடும்தான்.

அடி வாங்கியே வளர்ந்த பையனின் உடம்பு, விளக்கை அணைத்த பிறகும் தூங்காது. வராந்தாவில் சாவிக்கொத்து குலுங்கினால் விழித்துக்கொள்வான். சாப்பாட்டுக் கூடத்தில் யார் கையிலிருந்தாவது தட்டு நழுவி விழுந்தால் முதலில் எழுந்து நிற்பவன் அவன்தான். அன்பாகத் தோளில் கை வைத்தாலும் தட்டிவிடுவான். ஊழியரின் கண்ணுக்கு அது திமிர். ஆனால், ஆபத்து முடிந்துவிட்டது என்பதை அந்த உடம்பு இன்னும் நம்பவில்லை, அவ்வளவுதான். சில பையன்கள் வேண்டுமென்றே சீண்டுவார்கள். எப்போது அடி விழுமோ என்று காத்துக் கிடப்பதைவிட, வாங்கித் தொலைப்பது அவர்களுக்கு நிம்மதி. இது தெரியாத ஊழியர் கையை ஓங்குகிறார். பெரியவர்கள் எல்லாரும் இப்படித்தான் என்ற பையனின் எண்ணம் அங்கே இன்னும் ஒருமுறை உறுதியாகிறது.

அமெரிக்க மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992-ல் வெளியிட்ட நூல், இத்தகைய பாதிப்பிலிருந்து மீள்வதை மூன்று கட்டங்களாகச் சொல்கிறது. முதலில் பாதுகாப்பு. நடந்ததை நினைத்துத் துக்கப்படுவது அதற்குப் பிறகு. மனிதர்களோடு மறுபடி ஒட்டுவது கடைசியில். நாமோ இரண்டாவதில் தொடங்குகிறோம். ‘மனசுவிட்டுப் பேசு தம்பி’ என்று பகலில் சொல்லிவிட்டு, பேசியவன் இரவில் யார் பொறுப்பில் படுக்கிறான் என்று கேட்காமல் வீட்டுக்குப் போய்விடுகிறோம். பாதுகாப்பில்லாத இடத்தில் புண்ணைத் திறந்துவைப்பது வைத்தியம் ஆகாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. கொடிய குற்றம் செய்ததாகச் சொல்லப்படும் 16 முதல் 18 வயதுக்குட்பட்டவரின் மனமுதிர்ச்சியை இளைஞர் நீதிக் குழுமம் மதிப்பிட வேண்டும் என்கிறது 2015-ம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம். வயது வந்தவரைப் போல அவரை விசாரிக்கலாமா என்பது அதைப் பொறுத்தது. இது நுட்பமான வேலை. குழுமத்தில் உளவியல் படித்தவர் இல்லையென்றால் நிபுணர் உதவியைப் பெற்றே ஆக வேண்டும் என்று குருகிராம் பள்ளி மாணவர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2022 ஜூலையில் சொன்னது. சரியான தீர்ப்பு. ஆனால், ஆறுதல் சொல்பவரே இந்த மதிப்பீட்டு அறிக்கையும் எழுதினால், எந்தப் பையன் வாயைத் திறப்பான்? இரண்டு வேலைக்கும் இரண்டு பேர் வேண்டும்.

ஸ்காட்லாந்தும் உயிர்ப்பலி கொடுத்துத்தான் பாடம் கற்றது. 2018 அக்டோபரில், சிறாருக்கான பூட்டிய காப்பு இல்லங்களில் இடம் கிடைக்காததால், 16 வயதுச் சிறுவன் ஒருவனை போல்மாண்ட் இளங்குற்றவாளிகள் சிறைக்கு அனுப்பினார்கள். சில நாட்களிலேயே அவன் உயிரை மாய்த்துக்கொண்டான். அதைத் தவிர்த்திருக்கலாம் என்று 2025 ஜனவரியில் வெளியான விசாரணை முடிவு சொன்னது. அதற்கு முன்பே, 2024 ஆகஸ்ட் 28 முதல், 18 வயது ஆகாதவர்களை அங்கே அனுப்புவது நிறுத்தப்பட்டுவிட்டது. காப்பு இல்லங்களுக்கென்று அந்த நாடு 2020-ல் கொண்டுவந்த 44 நெறிமுறைகளும் கவனிக்க வேண்டியவை. பிள்ளை உள்ளே வருவதற்கு முன், இருக்கும்போது, வெளியே போன பின் என்று மூன்று பகுதிகள். பிள்ளையே ‘நான்’ என்று பேசுவது போன்ற நடை. நம்மூரில் அவன் வெறும் ‘இல்லவாசி’.

ஊழியரை மட்டும் வில்லனாக்குவது சுலபம். கத்துவது, கல்லெறிவது, கையைக் கீறிக்கொள்வது என்று தினம் பார்ப்பவருக்கும் மனசு கரடுதட்டிப் போகும். யாராவது அவரை உட்காரவைத்து, ‘நேற்று இரவு என்ன நடந்தது?’ என்று விசாரிக்க வேண்டாமா? உளவியலாளரின் வேலையில் அதுவும் சேர்த்தி. சொல்லப்போனால் அதுதான் பாதி வேலை.

கூர்நோக்கு இல்லங்களின் காலிப் பணியிடங்களை நிரப்பும்போது அரசு இரண்டு விஷயங்களைச் செய்யலாம். இரவுப் பணிக்கு வருபவர் சாவியைக் கையில் வாங்குவதற்கு முன்பே பயிற்சி பெற்றிருக்கட்டும். புதிய பையன் வந்து சேரும் நாளில் ஆற்றுப்படுத்துநர் இரவும் தங்கட்டும். செங்கல்பட்டுச் சிறுவனும் போல்மாண்ட் சிறுவனும் உள்ளே இருந்தது ஒரு வாரம்கூட இல்லை.