ஓடாத மீட்டர் சொல்லும் பொய்

'ஃபெரிஸ் பியூலர்ஸ் டே ஆஃப்' என்ற ஹாலிவுட் படத்தைப் பார்த்திருக்கிறீர்களா? 1986-ல் வந்தது. பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடும் பசங்க, அவர்களில் ஒருத்தனுடைய அப்பாவின் 1961 மாடல் ஃபெராரியை எடுத்துக்கொண்டு சிகாகோவைச் சுற்றுவார்கள். அப்பாவுக்கோ அந்தக் கார் எத்தனை மைல் ஓடியிருக்கிறது என்பது அத்துப்படி. மாட்டிக்கொள்ளாமல் இருக்க, பின்சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி நிறுத்தி ரிவர்ஸ் கியரில் ஓட விடுவார்கள். ஓடோமீட்டர் ஒரு மைல்கூட இறங்காது. ஆத்திரத்தில் பையன் காரை உதைப்பான். ஜாக்கி நழுவும். கண்ணாடிச் சுவரை உடைத்துக்கொண்டு ஃபெராரி பள்ளத்தில் விழும்.

தியேட்டரில் எல்லோரும் சிரித்த காட்சி. என் கல்லூரி நண்பன் சிரிக்கவில்லை. "முட்டாப் பசங்க. எதுக்கு ரிவர்ஸ்ல ஓட்டணும்? முன்னாடியே மீட்டரை நிறுத்தி வச்சிருந்தா பிரச்னையே இல்லையே!" என்றான்.

நண்பன் இப்போது இருப்பது நியூ ஜெர்சியில். நானும் அவனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பி.காம். படித்தவர்கள். டெபிட், கிரெடிட் தவிர வேறெதுவும் தெரியாமல் வெளியே வந்தவர்கள். சில வருஷங்களுக்கு முன் தன் சின்ன வயசுக் கனவு என்று ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்கினான். 1987 மாடல் போர்ஷே 944. சிவப்பு நிறம். போன் செய்து அரை மணி நேரம் அதைப் பற்றியே பேசினான். கடைசியில், "ஒரே ஒரு சின்ன விஷயம்டா. ஓடோமீட்டர் ஓடலை. 82 ஆயிரம் மைல்ல நிக்குது. நல்லதுதானே, விக்கும்போது லாபம்!" என்று சொல்லிச் சிரித்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று ஆரம்பித்த சண்டை இன்னும் முடியவில்லை.

முதலில், அது ஏன் நின்றது என்று சொல்லிவிடுகிறேன். இந்தக் காரில் வேகம் காட்டும் முள் வேறு, மைல் எண்ணும் சக்கரங்கள் வேறு. இரண்டுக்கும் தகவல் வருவது ஒரே இடத்திலிருந்துதான். ஆனால், மைல் எண்களைச் சுழற்றுவது ஒரு குட்டி மோட்டாரும் சில பிளாஸ்டிக் பற்சக்கரங்களும். விரல் நகம் அளவு சக்கரம் ஒன்று, வருஷக்கணக்கில் சூடும் குளிரும் பட்டு, பிஸ்கெட் மாதிரி உதிர்ந்துவிடும். முள் ஜோராக எண்பதைக் காட்டும். எண்கள் தூங்கிக்கொண்டிருக்கும். கார் ஓடும்போது ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கும் பட்டனை அமுக்கினால் பல் இன்னும் சீக்கிரமாக உடையும் என்பது இந்தக் கார் வைத்திருப்பவர்களுக்குப் பாலபாடம். நான் கம்பெனியைக் குறை சொல்லவில்லை. 1982-லிருந்து 1991 வரை தயாரான கார். அந்த வயசில் மனுஷனுக்கே மூட்டு தேய்கிறது, பிளாஸ்டிக் தேயாதா?

மாற்றுச் சக்கரம் கிடைக்கிறது. ஒரு குடும்பம் ஓட்டலுக்குப் போய்ச் சாப்பிடும் காசுகூட ஆகாது. மீட்டர் பெட்டியைப் பக்குவமாகக் கழற்றி மாட்ட ஒரு சனிக்கிழமை போதும். அப்படியிருந்தும் ஏன் ரெண்டு வருஷம் மாற்றவில்லை? சோம்பல் இல்லை. ஆசை.

நண்பனின் வாதங்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

முதல் வாதம்: "நான் மீட்டரைத் திருப்பலையே. அதுவா நின்னுச்சு."

அமெரிக்கச் சட்டத்துக்கு இந்தச் சாமர்த்தியம் முன்கூட்டியே தெரியும். 1972-ல் வந்த சட்டம் அது. மீட்டரைத் திருப்புவது மட்டும் குற்றமில்லை. ஓடவில்லை என்று தெரிந்தும், ஏமாற்றும் நோக்கத்தோடு அந்தக் காரைச் சாலையில் ஓட்டுவதும் குற்றம். தெரிந்தே வேண்டுமென்று செய்தால் மூன்று வருஷம் வரை சிறை. ஏமாந்தவர் வழக்குப் போட்டால் நஷ்டத்தைப் போல மூன்று மடங்கு அல்லது 10,000 டாலர், எது அதிகமோ அது. மேஜைக்கு அடியில் கிடக்கும் பில்லைக் கணக்கில் ஏற்றாத குமாஸ்தா, "நான் எதையும் அழிக்கலையே சார்" என்று சொன்னால் எந்த ஆடிட்டர் விடுவார்?

ரெண்டாவது வாதம்: "பழைய காருக்கு மைலேஜ் எழுதிக் கொடுக்கணும்னு கட்டாயமே இல்லைடா."

உண்மைதான். 2010-க்கும் அதற்கு முந்தைய மாடல்களுக்கும் விற்கும்போது அந்தப் படிவத்திலிருந்து விலக்கு உண்டு. ஆனால் விலக்கு படிவத்துக்குத்தான், பொய்க்கு இல்லை. வரி கட்ட வேண்டிய அளவு வருமானம் இல்லாதவனுக்கு, கள்ளக் கணக்கு எழுத லைசென்ஸ் கொடுத்ததாக அர்த்தமா?

மூணாவது வாதம்தான் அவனுடைய பிரம்மாஸ்திரம்: "வாரக் கடைசியில மட்டும் ஓட்டற கார். என்ன பெரிய மைல்?"

இங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. போர்ஷே 944-ன் இன்ஜினில் டைமிங் பெல்ட் என்று ஒரு ரப்பர் பெல்ட் உண்டு. வால்வுகள் எப்போது திறந்து மூடவேண்டும் என்பதை அதுதான் கட்டுப்படுத்துகிறது. அது அறுந்தால், மேலே வரும் பிஸ்டன் திறந்திருக்கும் வால்வில் மோதும். வால்வு வளையும். பழைய காரின் விலையை முழுங்கும் செலவு அது. அதனால் சுமார் 30,000 மைலுக்கு ஒரு முறை, ஓட்டாவிட்டாலும் நாலைந்து வருஷத்துக்கு ஒரு முறை மாற்றிவிட வேண்டும் என்பது அனுபவஸ்தர்களின் கணக்கு.

காரை விற்ற ஆசாமி ஒரு ரசீது கொடுத்திருந்தார். 79 ஆயிரம் மைலில் பெல்ட் மாற்றியதாக. தேதி அழிந்துபோன ரசீது. மீட்டர் காட்டுவது 82 ஆயிரம். "மூவாயிரம் மைல்தானே ஓடியிருக்கு" என்று நிம்மதியாக இருந்தான் நண்பன்.

"மீட்டர் உன் கையில் நின்றதா, அந்த ஆள் கையிலேயே நின்றதா?" என்று கேட்டேன்.

போனில் சத்தமே இல்லை.

கவனித்தீர்களா? விற்றவர் செய்த அதே காரியத்தைத்தான் இவனும் அடுத்தவனுக்குச் செய்ய நினைக்கிறான். வாங்கும்போது ஏமாளி, விற்கும்போது புத்திசாலி. நடுவில் பெல்ட் மட்டும் உண்மையான மைலை எண்ணிக்கொண்டே இருக்கிறது. அதற்குப் பிளாஸ்டிக் சக்கரம் கிடையாது.

இது ஒரு நண்பனின் கதை மட்டும் இல்லை. வருஷத்துக்கு 4,50,000-க்கும் மேற்பட்ட வண்டிகள் பொய்யான மீட்டர் அளவோடு விற்கப்படுவதாக அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறையே மதிப்பிடுகிறது. போர்ஷேயின் சொந்த ஊரான ஜெர்மனியில் 2005-ல் மீட்டர் மோசடியைத் தனிக் குற்றமாக்கினார்கள். எனக்குப் பிடித்தது பெல்ஜியத்தின் வழி. 2006-லிருந்து அங்கே மெக்கானிக் கையில் கார் போகும்போதெல்லாம் மீட்டர் அளவு ஒரு பொதுப் பதிவுக்குப் போகிறது. விற்பவர் அந்த வரலாற்றைத் தாளில் கொடுத்தாக வேண்டும். போலீஸ்காரன் செய்ய முடியாததைப் பேரேடு செய்கிறது!

சரி, நேர்மையாக ரிப்பேர் செய்வது எப்படி? அதையும் அமெரிக்கச் சட்டம் சொல்கிறது. சக்கரத்தை மாற்றுங்கள், எண் பழையபடியே இருக்கட்டும். எண்ணைக் காப்பாற்றவே முடியாவிட்டால் பூஜ்யத்தில் வைத்து, பழைய அளவையும் தேதியையும் எழுதி இடது கதவுச் சட்டத்தில் ஒட்டுங்கள்.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் அக்கவுண்டன்சி வாத்தியார் ஞாபகம் வந்தது. டிரயல் பேலன்ஸ் டேலி ஆகாவிட்டால் ரப்பரை எடுக்கக் கூடாது என்பார். வித்தியாசத்தை 'சஸ்பென்ஸ் அக்கவுண்ட்' என்று தனியாக எழுதி, எல்லோர் கண்ணிலும் படும்படி வைக்க வேண்டும். தெரியாததைத் தெரியாது என்று எழுதுவதும் கணக்குதான். அந்தக் கதவு ஸ்டிக்கர் வேறென்ன? சஸ்பென்ஸ் அக்கவுண்ட்தான்.

போன மாசம் நண்பன் ஒருவழியாக மீட்டரைத் திறந்துவிட்டான். உள்ளே சக்கரம் இல்லை, தூள்தான் இருந்தது. புதுசு மாட்டினான். பயந்துபோய் பெல்ட்டையும் மாற்றிவிட்டான். எண்கள் இப்போது நகர்கின்றன. அவன் காரில் எண் மாறவில்லை என்பதால் ஸ்டிக்கர் ஒட்டச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ஆனாலும், 'இந்தத் தேதியில் மீட்டர் சரிசெய்யப்பட்டது. அதற்கு முன் எத்தனை மைல் விட்டுப்போனது என்பது தெரியாது' என்று ரெண்டு வரி எழுதி, பெட்ரோல் பில்களோடு வைத்துவிடு என்றேன்.

"அந்த ரெண்டு வரிக்கு ரெண்டாயிரம் டாலர் குறைச்சுக் கேப்பான்டா" என்கிறான்.

கேட்கட்டுமே. அந்த ரெண்டாயிரம் அவனுடைய காசு இல்லை. அடுத்து வாங்கப் போகிறவன் பெல்ட்டுக்காக எடுத்துவைக்க வேண்டிய காசு.

நீங்களும் நானும் போர்ஷே வாங்கப் போவதில்லை. ஆனால் நம் வீட்டு வாசலில் நிற்கும் வண்டியிலும் ஒரு மீட்டர் இருக்கிறது. அது நின்றுபோகிற அன்று உங்கள் மனசில் முதலில் வருவது 'அடடா'வா, 'ஆஹா'வா? அதைக் கொஞ்சம் கவனித்துச் சொல்லுங்கள்.

இந்தப் பக்கத்தைக் கிழித்து நியூ ஜெர்சிக்கு அனுப்பப் போகிறேன். கதவுச் சட்டத்தில் ஒட்ட இடம் இருக்கிறதாம்.