கோலாலம்பூர் கெட்ட பட்டணமா?

கோலாலம்பூர் கெட்ட பட்டணம் என்பது நமது தோட்டங்களில் விவாதத்திற்கு இடமில்லாத விஷயம். பஸ்ஸை விட்டு இறங்கியவுடன் பையைப் பறித்துக்கொள்வார்களாம். வாடகைக் காரில் ஏறினால் ஊரெல்லாம் சுற்றவிட்டுக் காசைச் சுருட்டுவார்களாம். வாலிபன் போனால் குண்டர் கூட்டத்தில் சேர்ந்துவிடுவானாம். பெண் போனால்? அதற்குமேல் வாயால் சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டுவார்கள். இவ்வாறு தலையாட்டும் பெரியோர்களில் பெரும்பாலோர், தைப்பூசத்திற்கு வண்டி பேசிக்கொண்டு பட்டணத்துக்கு வெளியே இருக்கும் பத்துமலைக்குப் போய் அன்றிரவே திரும்பியவர்கள் என்பதை நாம் நன்கறிவோம்.

பிறரைக் குறைகூறுவானேன்? பேராக்கின் தென்பகுதியில் ஒரு செம்பனைத் தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் நாமும் அதே பாட்டைப் பாடியவர்களே. சென்ற ஆண்டு வெளிக்காட்டு வேலையாள் ஒருவர் ஒரு கடிதத்தை எடுத்துக்கொண்டு ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். அவர் மகளுக்குக் கோலாலம்பூரில் தாதியர் பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது. கடிதம் ஆங்கிலத்தில் இருந்தபடியால் வாசித்துச் சொல்லும்படி கேட்கவே அவர் வந்தார். நாம் வாசித்ததோடு நின்றோமா? இல்லை. “பொம்பளப் பிள்ளை, பட்டணம் ஒரு மாதிரி, பார்த்துச் செய்யுங்கள்” என்று கேளாத யோசனையையும் சேர்த்துக் கொடுத்தோம். கிராணி சொன்ன பிறகு அவர் வேறு யாரைக் கேட்பார்? தவணை கடந்தது, இடம் போயிற்று. அந்தப் பெண் இப்பொழுது நாற்றுமேடையில் பைகளுக்கு மண் நிரப்புகிறாள். நாள்தோறும் அவள் பேர் நாம் எழுதும் செக்ரோலில் வருகிறது.

இவ்வாண்டு ஆபீஸ் காரியமாக ஐந்து நாள் கோலாலம்பூரில் தங்க நேர்ந்தது. பணப்பையை உள்சட்டையில் வைத்து இரண்டு ஊக்குகளைக் குத்திக்கொண்டு புறப்பட்டோம் என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. பஸ் தெற்கு ஒருங்கிணைந்த முனையத்தில் நின்றது. 2011-இல் திறக்கப்பட்ட அந்நிலையத்தில் பலகைகளும் வரிசைகளும் ஒழுங்காக இருந்தன. நம் கையைப் பிடித்து இழுத்தவர் ஒருவருமில்லை. நம் தகப்பனார் காலத்தில் பஸ்கள் போய் நின்றது 1976-இல் கட்டப்பட்ட புடுராயாவில். டிக்கெட்டுத் தரகர்கள் பிரயாணியை மொய்த்து ஆளுக்கொரு பக்கம் இழுத்த இடம் அது. தோட்டத்தில் இன்றும் உலவும் பாதிக் கதைகள் அந்த நிலையத்துக் கதைகளே. தென்னாட்டு பஸ்கள் அதனை விட்டுப் போய்ப் பல வருஷங்களாகியும் அதன் கெட்ட பேர் மட்டும் லயத்து வாசல்களை விட்டுப் போகவில்லை.

நமக்குத் தீங்கே நேரவில்லை என்றும் பொய்யுரைக்க மாட்டோம். கூப்பிடு தூரத்துக்கு வாடகைக் கார்க்காரர் ஒருவர் மீட்டரைப் போட மறுத்து 30 வெள்ளி கேட்டார். நாம் இறங்கி நடந்தோம். ஐந்து நாளில் நாம் கண்ட கொடுமை அவ்வளவே. நம் பக்கத்துச் சிற்றூர்க் கடையில் வாங்கிய விசிறி மறுநாளே நின்றுபோய், கடைக்காரர் அதை மாற்றித்தர மறுத்தபோது, அந்த ஊரே கெட்ட ஊர் என்று நாம் சொன்னதுண்டா? சிற்றூரில் ஒருவன் ஏமாற்றினால் அவன் கெட்டவன். பெரும் பட்டணத்தில் ஒருவன் ஏமாற்றினால் ஏறக்குறைய இருபது இலட்சம் பேரும் கெட்டவர்கள்! இது எந்த நியாயம்?

படித்தவர்கள் இதற்கும் ஒரு சான்று காட்டுவதுண்டு. 2006-இல் ரீடர்ஸ் டைஜஸ்ட் என்னும் பத்திரிகை உலகத்துப் பெரு நகரங்களின் மரியாதையை அளந்து பட்டியலிட்டது. கோலாலம்பூர் அதில் கடைசிக்கருகில் வந்தது, மும்பாய் கடைசியாயிற்று. அளந்த கோல் எது? பின்னால் வருபவருக்குக் கதவைப் பிடித்துக்கொள்கிறார்களா, கீழே விழுந்த காகிதங்களைப் பொறுக்கித் தருகிறார்களா, கடைச் சிப்பந்தி நன்றி சொல்கிறாரா என்னும் மூன்றே. நமது கடைகளில் ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலுக்கும் நன்றி சொல்லும் வழக்கம் எந்நாளும் இருந்ததில்லையே! போகட்டும். அப்பட்டியலில் முதலிடம் பெற்ற நகரம் எது தெரியுமா? கொலைக்கும் கொள்ளைக்கும் பேர்போனது என்று பல காலம் தூற்றப்பட்ட நியூயார்க்! நியூயார்க்கைப் பற்றி உலகம் சொன்னதே பொய்த்ததென்றால், கோலாலம்பூரைப் பற்றி நமது லயம் சொல்வது மெய்யாகத்தான் இருக்கவேண்டுமோ? பிரிக்பீல்ட்ஸில் கண்பார்வையற்றோர் சங்கம் இருப்பதால் கைத்தடியோடு நடப்போரை அத்தெருக்களில் அடிக்கடி காணலாம். காதில் கடுக்கனும் கையில் பச்சையுமாக, நமது பெரியோர்கள் கண்டால் குண்டன் என்றே முடிவுகட்டத்தக்க வாலிபன் ஒருவன், அத்தகைய முதியவர் ஒருவரின் முழங்கையைப் பற்றிச் சாலையைக் கடத்திவிட்டுத் தன்வழியே போனான். நன்றியை எதிர்பார்த்து அவன் நிற்கவுமில்லை.

இப்பட்டணம் குற்றமற்றது என்பது நமது வாதமன்று. 1969-ஆம் ஆண்டு மே 13-ஆந் தேதி அதன் தெருக்களில் சிந்திய இரத்தத்தை யாரும் மறைக்க முடியாது. 2024 ஆகஸ்டில் மஸ்ஜித் இந்தியா சாலையில் நிலம் உள்வாங்கி, இந்தியாவிலிருந்து வந்திருந்த ஒரு மாதை விழுங்கியது. பல நாள் தேடியும் அவர் கிடைக்கவில்லை. அச்சாலையில் நடக்கும்போது நம் கால்களும் சற்றே தயங்கின. மின்சார இரயிலில் 2010 முதல் பெண்களுக்கென்று தனிப் பெட்டி விட்டிருக்கிறார்கள். ஆண்கள் ஒழுங்காயிருந்தால் அதற்குத் தேவை ஏது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் தோட்டத்து லாரியில் பெண்களுக்குத் தனிப் பெட்டி உண்டா என்று நாமும் திருப்பிக் கேட்கிறோம்.

உண்மையில் நம்மவர் அஞ்சும் இந்தப் பட்டணம் யாருடைய நிலம்? 1857-இல் ஈயம் தேடி வந்தவர்கள் இரண்டு ஆறுகள் கூடும் சேற்றில் இறங்கியதால் தோன்றிய ஊர் இது. 1881-இல் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்து அழித்தபின் செங்கல்லால் மீண்டும் எழுந்தது. செங்கற்சூளைகள் இருந்த இடமே பிரிக்பீல்ட்ஸ். செல்வர்கள் வாழும் பங்சார் ஒரு காலத்தில் இரப்பர்த் தோட்டம். அத்தோட்டத்துக் கம்பெனிக்குரிய புன்ஜ், கிரிசார் என்னும் இரண்டு பேர்களின் ஒட்டே அப்பெயர் என்பர். 1998-இல் காமன்வெல்த் பந்தயம் நடந்த புக்கிட் ஜாலிலும் தோட்டமே. நமது பாட்டன்மார் பால்வெட்டிய மண்மேல்தான் அந்த மாடிகள் நிற்கின்றன. அங்கே துண்டாடப்பட்ட தோட்டங்களிலிருந்து துரத்தப்பட்டவர்கள் புறம்போக்குக் குடிசைகளில் ஒண்டினார்கள். அவர்கள் பிள்ளைகளிற் சிலர் வழிதவறினார்கள். அந்தப் பழியைப் பட்டணத்தின் தலையில் மட்டும் ஏற்றிவிட்டுத் தோட்டம் கைகழுவலாமா?

தோட்டத்தின் நற்பேரையும் சற்றே உரசிப் பார்ப்போம். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது என்ன கேட்டார்கள்? கள்ளுக்கடைகளை மூடுங்கள் என்றார்கள். பிள்ளைகளுக்குச் சரியான படிப்பு வேண்டும் என்றார்கள். எங்கள் பெண்களிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்துங்கள் என்றார்கள். துரைமார் முன்னும், ஆபீஸ் சிப்பந்திகள் முன்னும், அதாவது நம்போன்ற கிராணிமார் முன்னும், சைக்கிளை விட்டு இறங்காமல் போக உரிமை வேண்டும் என்றார்கள். அதற்குப் பட்டாளம் வந்து சுட்டதில் உயிர்கள் போயின. பட்டணத்தில் பெண்ணுக்கு மானமில்லை என்று இன்று பேசுகிறோம். அந்த மானத்திற்காகத் தோட்டத்திலேயே போராட வேண்டியிருந்ததை மறந்துவிட்டோம்.

பட்டணத்தில் மெய்யாக அஞ்சவேண்டியது ஒன்றுண்டு. அதனைச் சொல்வார்தாம் இல்லை. 2025-இல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளியாக்கப்பட்டது. தோட்டத்துக்கும் பட்டணத்துக்கும் தொகை ஒன்றே. லயத்து வீட்டுக்கு வாடகை இல்லை. அங்கோ படுக்க ஓர் அறை எடுத்தாலே சம்பளத்தில் பெரும் பள்ளம் விழுகிறது. நாம் தங்கிய விடுதியில் பாத்திரம் கழுவிய தமிழ்ப் பிள்ளை ஒருவன், தன் அறையில் நால்வர் என்றும், வந்த முதல் மூன்று மாதம் வீட்டுக்கு ஒரு காசும் அனுப்ப முடியவில்லை என்றும் சொன்னான். “திருடனுக்குப் பயந்துதான் வந்தேன் அண்ணே, மாசக் கடைசிக்குத்தான் இப்பப் பயம்” என்றான். தங்க இடம் உண்டா, உதவிச் சம்பளம் உண்டா, கையில் எத்தனை மாதச் செலவுக்குப் பணம் வேண்டும் என்று சொல்லியனுப்பினால் அது யோசனை. தலையை ஆட்டினால் அது யோசனையா? அந்தக் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் விடுதி உண்டென்று எழுதியிருந்தது. நாம் அதை வாசித்தோம். ஆனால் அழுத்திச் சொல்லவில்லை.

திரும்பி வந்த மறுநாள் பிரட்டுக் களத்தில் அந்தத் தகப்பனாரைத் தனியே அழைத்தோம். அடுத்த சேர்க்கைக்கு விண்ணப்பம் போடலாம், தாளை நாமே நிரப்பித் தருகிறோம், முதல் நாள் கூடவே வந்து விடுதியில் சேர்த்தும் வருகிறோம் என்றோம். அவர் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“போன வருசம் நீங்கதானேங்கய்யா பட்டணம் ஒரு மாதிரின்னு சொன்னீங்க?” என்றார்.

அப்பொழுது நாம் பட்டணத்தைப் பார்த்திருக்கவில்லை என்றோம். அவர் சற்று நேரம் நம்மையே பார்த்திருந்துவிட்டு, வீட்டில் கேட்டுச் சொல்வதாகக் கூறி வேலைக்குப் போனார். விண்ணப்பத் தாள் நம் மேஜை அறையில் இருக்கிறது.