கையெழுத்து போட்டால்தான் விமானம் பறக்கும்! உப்புக் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு ஒரு பயணம்

மரக்காணத்தில் உப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், பேச்சு மழையில் போய் முடியும். அதே டீக்கடை பெஞ்சில் விமானப்படையிலிருந்து ஓய்வுபெற்ற இரண்டு பேர் உட்கார்ந்துவிட்டால், பேச்சு பயிற்சி முகாமில் போய் முடியும்.

"நீங்க எந்த பேட்ச்?" என்பதுதான் முதல் கேள்வி. "அப்போ மெஸ்ல சாப்பாடு எப்படி?" என்பது இரண்டாவது. மூன்றாவது கேள்விக்குத் தேவையே இருக்காது. அறுபதைத் தாண்டியவர்கள் அப்படியே பதினெட்டு வயதுக்குப் போய்விடுவார்கள். டீ ஆறிப்போகும்.

இப்படிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் விமானம் ஓட்டியவர்கள் அல்ல. விமானத்தைப் பறக்கும்படி வைத்திருந்தவர்கள். பட்டறையில் கையில் கிரீஸ் ஒட்டிக்கொண்டு நின்ற தொழில்நுட்ப வீரர்கள். பைலட்டைப் பற்றிச் சினிமா உண்டு. இவர்களைப் பற்றி அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கே அவ்வளவாகத் தெரியாது.

மதில் சுவருக்குள் இரண்டு பள்ளிக்கூடம்

கிழக்குத் தாம்பரம் பக்கம் போனவர்களுக்கு விமானப்படைத் தளம் என்றால் நீளமான மதில் சுவர், வாசலில் துப்பாக்கியோடு காவல், தலைக்கு மேல் பயிற்சி விமானத்தின் சத்தம். அவ்வளவுதான். ஆனால், உள்ளே நடப்பது பாடம்.

அங்கே இருக்கும் விமானப் பயிற்றுநர் பள்ளி பலருக்கும் தெரியும். பைலட்டுகளுக்குக் கற்றுத்தரப் போகிற பைலட்டுகளை உருவாக்கும் பள்ளி அது. 1948-ல் அம்பாலாவில் தொடங்கி, 1954-ல் தாம்பரத்துக்கு வந்தது. அதே வளாகத்தில் மெக்கானிக்கல் டிரெய்னிங் இன்ஸ்டிட்யூட் என்று இன்னொரு பள்ளியும் இருக்கிறது. விமானத்தின் உடற்பகுதி, இன்ஜின் போன்ற வேலைகளுக்கு ஆள் தயாரிக்கும் இடம். ரேடியோ, மின்னணு, கருவிகள் என்றால் பெங்களூரு ஜாலஹள்ளி. ராணுவப் பயிற்சியின் அரிச்சுவடிக்கு பெலகாவி. ஓய்வுபெற்றவர்கள் பேச்சில் பெலகாவி இன்னும் 'பெல்காம்'தான்.

இந்த வரிசையின் தொடக்கம் ரொம்பச் சின்னது. 1932 அக்டோபர் 8-ல் இந்திய விமானப்படை சட்டப்படி பிறந்தது. 1933 ஏப்ரல் 1-ல் கராச்சியின் ட்ரிக் ரோடில் முதல் படைப்பிரிவு தொடங்கியபோது கையில் இருந்தவை நான்கு வாபிட்டி விமானங்கள். அதிகாரிகள் 6 பேர். தரையில் நின்று வேலை பார்க்க 'ஹவாய் சிப்பாய்கள்' 19 பேர். இங்கே ஹவாய் என்றால் தீவு இல்லை. இந்தியில் 'வான்' சம்பந்தப்பட்டது என்று அர்த்தம். நிஜமான ஹவாய் தீவும் இந்தக் கதையில் கொஞ்ச நேரத்தில் வரும்.

ஆறு அதிகாரிக்குப் பத்தொன்பது பேர். ஒருவர் பறக்க வேண்டுமென்றால் தரையில் எத்தனை பேர் வேண்டும் என்கிற கணக்கு அன்றைக்கே தெளிவாக இருந்தது.

இரண்டு மணி நேர தூரம்

மரக்காணத்திலிருந்து பஸ் பிடித்து திண்டிவனம். அங்கிருந்து ரயில் ஏறினால், அதே பாதையில் தாம்பரம். அந்தக் காலத்தில் மீட்டர்கேஜ். ஊர் அப்படியொன்றும் தூரம் இல்லை. ஆனால், முகாமுக்குள் போய்விட்டால் திண்டிவனமும் ஒன்றுதான், டெல்லியும் ஒன்றுதான். அவுட் பாஸ் இல்லாமல் கேட்டைத் தாண்ட முடியாது.

முதல் அதிர்ச்சி, முடி. சிவாஜி, எம்.ஜி.ஆர் பார்த்து வளர்த்த கிராப் இரண்டு நிமிடத்தில் தரையில் கிடக்கும். இரண்டாவது, விடியற்காலை விசில். மூன்றாவது, இந்தி. கட்டளை புரியாமல் எல்லோரும் இடது பக்கம் திரும்பும்போது தான் மட்டும் வலது பக்கம் திரும்பி நின்ற கதை, தமிழ்நாட்டிலிருந்து போன ஒவ்வொருவரிடமும் ஒன்றாவது இருக்கும்.

தங்குமிடத்தை 'பில்லட்' என்பார்கள். நீளமான ஹால், வரிசையாகக் கட்டில், கட்டிலுக்கு அடியில் இரும்பு டிரங்குப் பெட்டி. பக்கத்துக் கட்டிலில் பஞ்சாப், எதிர்க் கட்டிலில் கேரளா, மூலையில் ஒடிசா. ஆளுக்கொரு மொழியில் வீட்டை நினைத்துக்கொண்டு, ஒரே மொழியில் சப்பாத்தியைத் திட்டுவார்கள். போர்வை மடிப்பு ஒரு விரல் கோணலாக இருந்தால் கிட் இன்ஸ்பெக்‌ஷனில் மொத்தமும் தரைக்கு வரும். மைதானத்தைச் சுற்றி ஓடிய கணக்கை இன்றைக்கும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அன்றைக்குச் சிரித்திருக்க மாட்டார்கள்.

வீட்டுக்கு இன்லேண்ட் லெட்டர் போகும். 'நான் நலம்' என்று மட்டும் இருக்கும். அழுதது, காய்ச்சலில் படுத்தது, ஓடிப்போய்விடலாமா என்று யோசித்தது எதுவும் அதில் இருக்காது. அங்கே அம்மாவும் 'நாங்கள் நலம்' என்று எழுதச் சொல்வார். உப்பளத்தில் மழை புகுந்து அந்த வருஷத்துப் பாத்தி கரைந்துபோனதை எழுதச் சொல்ல மாட்டார்.

பலகையில் ஒரு வெற்றிடம்

சிரிப்பும் கேலியுமாகப் போகிற பேச்சு, பட்டறை என்று வந்ததும் கொஞ்சம் நிதானமாகும்.

பறப்பதிலிருந்து ஓய்வுபெற்ற பழைய விமானத்தை நிறுத்திவைத்துப் பாடம் நடத்துவது இந்தத் தொழிலின் பழைய வழி. தாம்பரத்துக்குப் பக்கத்திலேயே, குரோம்பேட்டை எம்.ஐ.டி-யில் அப்படிக் காட்சிக்கு நின்ற இரண்டு விமானங்களைப் பார்த்துத்தான் அப்துல் கலாமுக்கு விமானவியல் மேல் ஆசை வந்தது. பயிற்சி முகாமில் பார்ப்பதோடு விட மாட்டார்கள். கழற்ற வேண்டும், மாட்ட வேண்டும், மறுபடி கழற்ற வேண்டும்.

அங்கே முதலில் கற்றுக்கொள்வது ஸ்பானரை எண்ணுவது. ஒவ்வொரு கருவிக்கும் பலகையில் அதனதன் வடிவத்திலேயே ஓர் இடம் இருக்கும். எடுத்தால் அந்த இடம் வெறுமையாகத் தெரியும். வேலை முடிந்ததும் பலகையில் ஒரு வெற்றிடம் இருந்தால், அந்தக் கருவி கிடைக்கும்வரை விமானம் நகராது. சின்ன ஸ்க்ரூ டிரைவர்தானே என்று விட முடியாது. இன்ஜினுக்குள்ளோ, கட்டுப்பாட்டுக் கம்பிகளுக்கு நடுவிலோ அது கிடந்தால், மேலே போனவர் திரும்பி வராமல் போகலாம்.

அடுத்தது, வரிசையாக நடப்பது. விமானம் நிற்கிற, ஓடுகிற தளத்தில் கல், ஆணி, கம்பித் துண்டு எதுவும் இருக்கக் கூடாது. ஜெட் இன்ஜின் அதை உறிஞ்சிவிடும். அதனால் தோளோடு தோள் நின்று, தலையைக் குனிந்தபடி பொறுக்கிக்கொண்டே போக வேண்டும். உப்பளத்தில் பெண்கள் வரிசை பிடித்துப் போவதைப் பார்த்து வளர்ந்த பையனுக்கு அது புதிதாக இருந்திருக்காது.

எல்லாவற்றுக்கும் மேலே, கையெழுத்து. ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு பதிவேடு உண்டு. 'ஃபார்ம் 700' என்பார்கள். என்ன பழுது, யார் சரிசெய்தார், யார் சோதித்தார் எல்லாம் அதில் இருக்கும். வேலை பார்த்தவர் கையெழுத்து போட வேண்டும். பிறகு பைலட் அதைப் படித்துவிட்டுத் தன் கையெழுத்தைப் போட்டு விமானத்தை ஏற்றுக்கொள்வார். பத்தொன்பது, இருபது வயசுப் பையன் போட்ட கையெழுத்தை நம்பி, வயதிலும் பதவியிலும் பெரியவர் ஒருவர் ஆகாயத்துக்குப் போகிறார்.

அதுவரை ரேஷன் கடையில் மட்டுமே கையெழுத்து போட்டிருந்த பையன் அவன்.

சோறு போட்ட உப்பு, இரும்பைத் தின்னும் உப்பு

மரக்காணத்துக்காரர்களுக்கு உப்பைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம். கடல் நீர் அடர்த்தி மானியில் மூன்று டிகிரிக்கு மேல் கொஞ்சம் காட்டும். பாத்தி பாத்தியாக வெயிலில் காய்ந்து இருபத்தைந்து டிகிரியை நெருங்கும்போது உப்பு பூக்கும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்கள் வண்டியை நிறுத்தி செல்ஃபி எடுக்கும் அந்த வெள்ளைக் குவியல்களுக்குப் பின்னால் இருப்பது இந்தக் காத்திருப்புதான்.

ஆனால், ஊருக்குச் சோறு போடும் இதே உப்பு, விமானத்துக்கு நோய். விமானத்தின் உடம்பு பெரும்பாலும் அலுமினியக் கலவை. அலுமினியம் தன் மேல் மெல்லிய ஒரு படலத்தைப் போர்த்திக்கொண்டு தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ளும். கடற்காற்றில் வருகிற உப்பு அந்தப் படலத்தைக் குத்தித் துளைக்கும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும். அடியில் வெள்ளைப் பொடியாக அரித்துக்கொண்டிருக்கும். இரண்டு தகடுகள் சேரும் இடத்திலும், ரிவெட்டைச் சுற்றியும்தான் இந்த வேலை ரகசியமாக நடக்கும். அதனால்தான் கடலுக்கு மேல் பறந்து வரும் விமானத்தை நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, விரல் போகாத சந்திலும் விளக்கடித்துப் பார்ப்பார்கள்.

பார்க்காமல் விட்டால் என்ன ஆகும்? இங்கேதான் நிஜ ஹவாய் வருகிறது. 1988 ஏப்ரல் 28. அலோகா ஏர்லைன்ஸின் போயிங் 737 விமானம், ஹிலோவிலிருந்து ஹொனலூலுவுக்குக் கிளம்பியது. தீவுக்குத் தீவு குட்டிக் குட்டிப் பயணமாக, கடற்காற்றிலேயே 89,000 தடவைக்கு மேல் பறந்திருந்த விமானம். 24,000 அடி உயரத்தில் அதன் கூரை சுமார் 18 அடி நீளத்துக்குப் பிய்த்துக்கொண்டு போனது. விமானப் பணிப்பெண் ஒருவர் தூக்கி எறியப்பட்டு இறந்தார். பைலட்டுகள் எப்படியோ தரையிறக்கி, மற்ற 94 பேரின் உயிரைக் காப்பாற்றினார்கள்.

அரிப்பும் உலோகச் சோர்வும் சேர்ந்து தகடுகள் விட்டுப்போனதைப் பராமரிப்பில் கண்டுபிடிக்காமல் விட்டுவிட்டார்கள் என்றது விசாரணை. இன்னொன்றும் தெரியவந்தது. விமானத்தில் ஏறும்போதே ஒரு பயணி அந்த விரிசலைப் பார்த்திருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை.

பயிற்சி முகாம் அடித்துத் துவைத்துக் கற்றுக்கொடுப்பது இந்த ஒன்றைத்தான். பார்த்தால் சொல். தப்பு உன்னுடையது என்றாலும் சொல். திட்டு விழும், தண்டனைகூடக் கிடைக்கலாம். ஆனால், விமானம் கிளம்புவதற்கு முன்னால் சொல்.

திரும்பி வராத விமானம்

2016 ஜூலை 22. தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பிய விமானப்படையின் ஏ.என்-32 விமானம் வங்கக் கடல் மேல் காணாமல் போனது. உள்ளே 29 பேர். கப்பல்களும் விமானங்களும் வாரக்கணக்கில் தேடின. ஒன்றும் கிடைக்கவில்லை. ஏழு ஆண்டுகளுக்கு மேல் கழித்து, 2024 ஜனவரியில், தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆளில்லா நீர்மூழ்கி எடுத்த படங்களில், சுமார் 3,400 மீட்டர் ஆழத்தில் அதன் சிதைவுகள் தெரிந்தன.

மரக்காணம் கரையில் நின்றால் எதிரே விரிவது அதே கடல்தான். விமானத்தைத் தயார் செய்து, கையசைத்து அனுப்பியவருக்கு வேலை அப்போது முடிவதில்லை. அது திரும்பி வந்து சக்கரத்துக்குக் கட்டை வைக்கும்போதுதான் முடிகிறது. எங்கேயாவது ஒரு விமானம் திரும்பவில்லை என்ற செய்தி டி.வி-யில் ஓடினால், ஓய்வுபெற்றவர்கள் வீட்டில் சத்தம் அடங்கிவிடுவதற்குக் காரணம் அதுதான். எப்போதோ தாங்கள் போட்ட ஒவ்வொரு கையெழுத்தும் அப்போது நினைவுக்கு வரும்.

நான்கு வருஷத்தில் பழக்கம் வருமா?

இப்போது பாதை மாறிவிட்டது. 2022-ல் வந்த அக்னிபத் திட்டத்தில், 'அக்னிவீர் வாயு'வாகச் சேருகிறவர்களுக்கு நான்கு ஆண்டுகள்தான். அதன் பிறகு அதிகபட்சம் 25 சதவிகிதம் பேர் நிரந்தரப் பணிக்குப் போவார்கள். பெண்களும் சேருகிறார்கள். முன்பெல்லாம் பதினைந்து, இருபது வருஷம் இருந்து பென்ஷனோடு திரும்புவார்கள்.

'நாலு வருஷத்துல கை பழகறதே கஷ்டமாச்சே' என்பது பழையவர்களின் கவலை. 'இந்தக் காலத்துப் பிள்ளைங்க சீக்கிரம் புடிச்சுக்குவாங்க' என்று எதிர்ப்பேச்சும் உண்டு. இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஆனால், ஒரு விஷயத்தில் இரு தரப்புக்கும் சண்டையே இல்லை. கருவி மாறும், விமானம் மாறும், கம்ப்யூட்டர் வரும்; 'இது நான் பார்த்த வேலை' என்று பெயரை எழுதுகிற கையை எந்தக் கம்ப்யூட்டராலும் உருவாக்கித் தர முடியாது.

ஊர் திரும்பியவர்களில் பலர் அப்புறம் விமானத்தைத் தொடவே இல்லை. வங்கி வேலை, காவலாளி வேலை, மகனின் கடை, சொந்தமாக இரண்டு பாத்தி உப்பு என்று வாழ்க்கை போனது. ஆனாலும் பழக்கம் போகவில்லை. சைக்கிள் பஞ்சர் ஒட்டினாலும் ஸ்பானரை எண்ணி வைப்பார்கள். காஸ் சிலிண்டரை மாட்டிவிட்டு சோப்பு நுரை வைத்துப் பார்ப்பார்கள். பேரன் பைக்கை எடுக்கும்போது, 'பிரேக் பாத்தியா?' என்று மூன்றாவது தடவையும் கேட்பார்கள். வீட்டில் எல்லோருக்கும் எரிச்சல் வரும்.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு தாத்தா இருந்தால், இன்று ஒரு நாள் எரிச்சல்பட வேண்டாம். பிரேக்கைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்.

"தாத்தா, நீங்க எந்த பேட்ச்?"

டீ ஆறிப்போகும். பரவாயில்லை, இன்னொன்று போட்டுக்கொள்ளலாம்.